ஸ்டீம் கேப்சூல் படம்: 120 பிக்சலிலிருந்து தொடங்குங்கள்

கேம் முடியும் தறுவாயில் இருக்கும். டிரெய்லர் வெட்டியாயிற்று, கடைப் பக்கத்துக்கு விவரம் எழுதியாயிற்று, அப்போதுதான் ‘அடடா, தம்ப்நெயில் வேண்டுமே’ என்று ஞாபகம் வரும். கேமுக்குள் இருப்பதிலேயே அழகான ஸ்கிரீன்ஷாட் ஒன்றை எடுத்து, மேலே தலைப்பைப் போட்டு ஏற்றிவிடுவார்கள். சிறு குழுக்கள் சொந்தமாகச் செய்யும் ஏகப்பட்ட இண்டி கேம்களின் படம் இப்படித்தான் உருவாகிறது, பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிடும்.

கடைக்குள் ஸ்க்ரோல் பண்ணிக்கொண்டு போகிறவர் உங்கள் டிரெய்லரைப் பார்த்ததில்லை, விவரத்தைப் படித்ததில்லை, நீங்கள் கண்விழித்துப் பண்ணிய கோடிங்கும் அவருக்குத் தெரியாது. அவர் கண்ணில் படுவது இந்தச் சின்னக் கட்டம் மட்டும்தான். கணினி கேம்களை விற்கும் ஸ்டீம் கடையில் இதற்குக் கேப்சூல் என்று பெயர். அங்கே விரல் நின்றால்தான் மற்றதெல்லாம்.

அதனால் பெரிதாக ஒரு போஸ்டர் வரைந்து அதைச் சுருக்கிக்கொண்டே வராதீர்கள். மிகச் சின்ன அளவில் என்ன தெரிய வேண்டும் என்று முதலில் முடிவு செய்துவிட்டு, அங்கிருந்து பெரிய அளவுகளுக்குப் போங்கள். கீழே சொல்வதில் பெரும்பகுதி ஸ்டீமை வைத்துத்தான், ஏனென்றால் அதிக வடிவங்களில் படம் கேட்பது அவர்கள்தான். இட்ச், கூகுள் பிளே என்ற மற்ற கடைகள் பற்றிக் கடைசிப் பக்கம் கொஞ்சம் வருகிறது.

எந்த அளவு எங்கே வரும்

ஸ்டீமில் கடைக்காக நான்கு படம் கொடுக்க வேண்டும். ஹெடர் கேப்சூல் 920×430, உங்கள் கடைப் பக்கத்தின் மேலே வருவது. ஸ்மால் கேப்சூல் 462×174, தேடல் முடிவுகள் மாதிரியான பட்டியல்களில் வருவது. மெயின் கேப்சூல் 1232×706, முகப்புப் பக்கத்தில் பெரிதாகச் சுழலும் இடத்துக்கு. வெர்டிகல் கேப்சூல் 748×896, பெரிய தள்ளுபடி விற்பனைப் பக்கங்களில் செங்குத்தாக நிற்பது. பழைய வழிகாட்டிகளில் 460×215, 231×87 என்று பாதி அளவுகளைப் பார்த்தால் குழம்ப வேண்டாம், 2024-இல் இரண்டு மடங்காக்கிவிட்டார்கள். விகிதம் அதேதான்.

இவை போக, வாங்கியவரின் லைப்ரரிக்கு 600×900 கேப்சூல் ஒன்றும், 3840×1240 ஹீரோ படம் ஒன்றும், பின்னணி இல்லாத லோகோ ஒன்றும் தனியாக. ஹீரோ படத்தில் எழுத்தே இருக்கக் கூடாது, லோகோவை ஸ்டீமே அதன் மேல் வைத்துக்கொள்ளும். திரை அளவுக்கு ஏற்ப ஓரங்கள் வெட்டுப்படும் என்பதால் முக்கியமானதை நடுவில் 860×380 பரப்புக்குள் வைக்கச் சொல்கிறார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது ஸ்மால் கேப்சூல். நீங்கள் 462 பிக்சல் அகலத்தில் கொடுத்தாலும், அதைச் சுருக்கி 120×45 வரை சில இடங்களில் காட்டுவார்கள். நாற்பத்தைந்து பிக்சல் உயரம் என்றால் இந்தக் கட்டுரையின் இரண்டு மூன்று வரி உயரம். அதற்குள் உங்கள் நாயகன், வில்லன், கோட்டை, டிராகன், ஐந்து சொல் தலைப்பு எல்லாம் இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டால் மிஞ்சுவது பழுப்பு நிறக் கறை. ஸ்டீமின் சொந்த வழிகாட்டுதலே, ஸ்மால் கேப்சூலை ஏறக்குறைய முழுக்க லோகோவால் நிரப்புங்கள் என்றுதான் சொல்கிறது. பலரும் இதைப் படிப்பதில்லை, அல்லது படித்துவிட்டு ‘நம் ஓவியம் இவ்வளவு அழகாக இருக்கிறதே, லோகோ ஏன் இவ்வளவு பெரிதாக’ என்று சின்னதாக்கிவிடுகிறார்கள்.

படம் எந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும்

‘அழகாக இருக்கிறதா’ என்பது இரண்டாவது கேள்வி. முதல் கேள்வி, ‘இது என்ன மாதிரி கேம்?’ ஒருவர் கார்டு கேம் தேடிக்கொண்டிருக்கிறார், இன்னொருவர் ராத்திரி விளக்கணைத்துவிட்டுப் பயப்பட ஏதாவது தேடுகிறார், மூன்றாமவர் தொழிற்சாலை கட்ட வேண்டும். ஒவ்வொருவருக்கும் கண் பழகிப்போன சில அடையாளங்கள் இருக்கின்றன. நிதானமாக விளையாடும் விவசாய, சமையல் வகைகளுக்கு வெளிச்சமான நிறமும் உருண்டையான எழுத்தும். திகிலுக்கு இருட்டும் ஒற்றை வெளிச்சமும். நகர நிர்மாணத்துக்கு உயரத்திலிருந்து பார்க்கிற காட்சி. இதை ‘கிளிஷே’ என்று ஒதுக்கிவிட்டு முழுக்கப் புதிதாக ஒன்று செய்கிறேன் என்று இறங்கினால், உங்கள் கேமை விரும்பக்கூடிய ஆளே அடையாளம் தெரியாமல் கடந்துபோய்விடுவார்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. எல்லோரையும் கிளிக் பண்ண வைக்க வேண்டும் என்று நினைக்காதீர்கள். மெதுவாக நகரும் புதிர் விளையாட்டுக்கு வாளும் தீயும் வெடிப்பும் போட்டு ஆளைக் கூட்டினால், வருகிறவர் ஐந்து விநாடி டிரெய்லரைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவார். தப்பித் தவறி வாங்கியவர் பணத்தைத் திரும்பக் கேட்பார், கூடவே ஒரு காட்டமான விமர்சனமும் எழுதுவார். பிடிக்காதவரைத் தள்ளிப்போக வைப்பதும் நல்ல கேப்சூலின் வேலைதான்.

எனவே வரைய உட்காருவதற்கு முன்னால் ஒரு வேலை. உங்கள் கேமுக்கு நெருக்கமான டேகை (கடையில் கேமின் வகையைக் குறிக்கும் சொல்) தேர்ந்தெடுத்து, அதில் நன்றாக விற்றவை, சமீபத்தில் வந்தவை என்று முப்பது நாற்பது கேப்சூல்களை ஒரே கேன்வாஸில் அடுக்குங்கள். தள்ளி உட்கார்ந்து பாருங்கள். எந்த நிறம் திரும்பத் திரும்ப வருகிறது, எத்தனை படத்தில் முகம் இருக்கிறது, எழுத்து எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று பார்க்கும்போதே இரண்டு விஷயம் தெளிவாகிவிடும்: எதையெல்லாம் அந்த வகையின் அடையாளமாக வைத்துக்கொள்ள வேண்டும், எந்த இடம் காலியாக இருக்கிறது. எல்லாரும் ஊதாவில் மூழ்கியிருந்தால் நீங்கள் மஞ்சளுக்குப் போகலாம். ஆனால் ஒன்றை மாற்றினால் மற்றதை அப்படியே விட்டுவிடுங்கள். நிறம், வடிவம், எழுத்து எல்லாவற்றிலும் ஒரே நேரத்தில் விலகினால் அது வேறு வகை கேமாகத் தெரியும்.

ஒரு கேமை எடுத்துப் பார்ப்போம்

கற்பனையாக ஒரு கேம். பெயர் ‘மூழ்கிய மணி’. கடலுக்கடியில் போன ஒரு ஊருக்குள் டைவர் ஒருவர் இறங்குகிறார். ஆக்சிஜன் தீர்வதற்குள் பழைய மணிகளைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். மணியை அசைத்தால் சத்தம் கேட்டு ஏதோ ஒன்று வரும். ஆக, தேடலும் திகிலும் கலந்தது.

முதல் ஸ்கெட்ச்: எல்லாரும் போடுவது. அகலமான காட்சி, கீழே மூழ்கிய ஊர், மேலே படகு, நடுவில் டைவர், சுற்றிலும் மீன், தூரத்தில் மணி. பெரிய அளவில் பார்க்க நன்றாகவே இருக்கும். 120 பிக்சலுக்குச் சுருக்குங்கள். நீல மூட்டம், அதற்குள் சில புள்ளிகள். டைவர் உயரம் நான்கு பிக்சல். இதைத் தூக்கிப் போடலாம்.

இரண்டாவது: டைவரின் பித்தளை ஹெல்மெட் மட்டும், முகத்துக்கு நேராக, கட்டத்தை நிறைத்தபடி. சுருக்கினாலும் வட்டமான வடிவம் தெரிகிறது, அந்த வகையில் முன்னேற்றம். ஆனால் இதைப் பார்த்தால் நீர்மூழ்கி சிமுலேஷனா, புதையல் வேட்டையா, சிறுவர் கேமா? தெரியவில்லை. ஹெல்மெட்டின் கண்ணாடியில் எதையாவது பிரதிபலிக்க வைக்கலாம் என்று தோன்றும், எல்லா ஓவியர்களுக்கும் தோன்றும், ஆனால் அது மெயின் கேப்சூலில் மட்டும்தான் கண்ணுக்குப் படும்.

மூன்றாவது: கீழேயிருந்து மேலே பார்க்கிறோம். பிரமாண்டமான மணியின் வாய், உள்ளே கும்மிருட்டு. அதற்குக் கீழே சிறியதாக டைவர், கையில் மஞ்சள் விளக்கு. இப்போது சுருக்கிப் பாருங்கள். மணியின் கறுத்த வடிவம் நிற்கிறது, மஞ்சள் புள்ளி நிற்கிறது. பெரியது ஒன்றின் கீழே சின்னது ஒன்று மாட்டிக்கொண்டிருக்கிறது என்பது அந்த அளவிலும் புரிகிறது. அதோடு மணியின் வாய் முழுக்க இருட்டாக இருப்பதால் லோகோவுக்கு இடம் தானாகக் கிடைத்துவிட்டது, எழுத்துக்குப் பின்னால் செயற்கையாக நிழலோ பட்டையோ போட வேண்டிய அவசியமே இல்லை. இதை எடுத்துக்கொள்ளலாம்.

இப்போது நிறம். கடல் என்றதும் கை தன்னால் கருநீலத்துக்குப் போகும். ஸ்டீம் பக்கத்தின் பின்னணியே கருநீலம். படத்தின் ஓரம் எங்கே முடிகிறது, பக்கம் எங்கே தொடங்குகிறது என்று தெரியாமல் கேப்சூல் கரைந்துபோகும். ஓரங்களில் வெளிச்சம் குறைந்துகொண்டே போகிற விக்னெட்டும் இதே வேலையைத்தான் செய்கிறது, அதனால் சின்ன அளவுகளில் விக்னெட்டை எடுத்துவிடுங்கள். நம் மணிக்குத் தண்ணீரை வெளிறிய பச்சையாக வைக்கலாம். கறுப்பு மணி அதன் மேல் துலங்கும், பக்கத்திலிருந்தும் படம் பிரிந்து நிற்கும், மஞ்சள் விளக்கு தனித்துத் தெரியும். மூன்றே நிறம். போதும்.

ஒரு படம் வேலை செய்கிறதா என்று நிறத்தை வைத்து முடிவு செய்வதற்கு முன், கறுப்பு வெள்ளையாக்கிப் பாருங்கள். சிவப்பும் பச்சையும் கண்ணுக்கு வேறு வேறாகத் தெரிந்தாலும், வெளிச்ச அளவு ஒன்றாக இருந்தால் கறுப்பு வெள்ளையில் இரண்டும் ஒரே சாம்பலாகிவிடும். அப்படி ஆனால் சுருக்கும்போதும் அது பிரியாது, நிறக்குருடு உள்ளவர்களுக்கும் பிரியாது. வடிவம் முதலில் வெளிச்சத்தால் பிரிய வேண்டும், நிறம் அதற்கு மேல்தான்.

லோகோ

தனியாகச் சொல்லக் காரணம் இருக்கிறது: நல்ல ஓவியத்தை மோசமான லோகோ கெடுத்த கேப்சூல்கள்தான் நான் அதிகம் பார்ப்பது. ஓவியத்துக்குக் காசு கொடுத்து ஆள் வைப்பார்கள், எழுத்தைக் கடைசி நாளில் கிடைத்த ஃபாண்டில் தாங்களே அடித்துவிடுவார்கள்.

மெலிந்த எழுத்து வேண்டாம். ரத்தம் சொட்டுகிற எழுத்து, மரக்கிளையாகப் பின்னிக்கொண்ட எழுத்து, ஒவ்வொரு எழுத்துக்குள்ளும் ஒரு ஓவியம் என்பதெல்லாம் பெரிதாக இருக்கும்போது ரசிக்கலாம். 120 பிக்சலில் வாசிக்க முடியவில்லை என்றால் அந்தக் கேமுக்குப் பெயரே இல்லை என்றுதான் அர்த்தம். தடித்த, எளிய வடிவத்தில் தொடங்கி, ஒரே ஒரு எழுத்தில் மட்டும் விளையாடுங்கள். நம் உதாரணத்தில் ‘மூழ்கிய மணி’யின் ‘ணி’யில் மேலே வளைகிற சுழியை மணியின் கொக்கி மாதிரி நீட்டலாம், மற்ற எழுத்துகளைத் தொட வேண்டாம்.

தமிழிலேயே தலைப்பு வைப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. நம் எழுத்தில் புள்ளியும் சுழியும் மேலே ஏறும், உகர ஊகாரக் குறிகள் கீழே இறங்கும், அதனால் ஒரே உயரக் கட்டத்துக்குள் ஆங்கிலப் பெரிய எழுத்துகளை அடைக்கிற அளவுக்குத் தமிழ் எழுத்தின் உடலைப் பெரிதாக்க முடியாது. இரண்டு வரியாக அடுக்கினால் மேல் வரியின் கால் கீழ் வரியின் தலையில் இடிக்கும். ஆனால் இடிக்கிற இடத்தில் ஒன்றோடொன்று கோத்துவிட்டால் அதுவே நல்ல லோகோவாகிவிடும். கையால் வரைய வேண்டும், ஃபாண்டை அப்படியே தட்டினால் வராது.

நீளமான தலைப்பா? முக்கியமான சொல்லைப் பெரிதாக்கி, இணைப்புச் சொற்களைச் சிறிதாக்கி, துணைத்தலைப்பை ஸ்மால் கேப்சூலில் விட்டுவிடுங்கள். எழுத்துக்கும் பின்னணிக்கும் வெளிச்ச வித்தியாசம் போதவில்லை என்றால் தடித்த ஒரு வெளிக்கோடு போட்டால் தீர்ந்துவிடும். மங்கலான நிழல், பளபளப்பு, உலோகத் தோற்றம் எல்லாம் ஒன்றன் மேல் ஒன்றாக ஏற்றாதீர்கள். கருஞ்சிவப்பு எழுத்தைக் கருநீலப் பின்னணியில் வைப்பதும் வேண்டாம். கறுப்பு வெள்ளைச் சோதனையில் தோற்பது ஒரு காரணம், ஜேபெக் என்ற படக் கோப்பு வடிவம் இன்னொரு காரணம்: ஜேபெக் பெரும்பாலும் வெளிச்சத்தை முழு நுணுக்கத்தோடும் நிறத்தைப் பாதி நுணுக்கத்தோடும்தான் சேமிக்கும், அதனால் நிறத்தால் மட்டும் பிரிகிற ஓரங்கள் பிசிறடிக்கும்.

ஃபாண்டின் உரிமத்தையும் பார்த்துவிடுங்கள். ‘சொந்த உபயோகத்துக்கு மட்டும் இலவசம்’ என்று எழுதியிருப்பதை விற்பனைக்கு வரும் கேமில் போடக் கூடாது. ஓப்பன் ஃபாண்ட் லைசென்ஸில் உள்ளவற்றை லோகோவுக்குத் தாராளமாகப் பயன்படுத்தலாம்.

ஒரே படத்தை வெட்டி எல்லா அளவுக்கும் போடாதீர்கள்

ஸ்மால் கேப்சூல் உயரத்தைப் போல இரண்டரை மடங்குக்கு மேல் அகலம். லைப்ரரி கேப்சூலோ அகலத்தைப் போல ஒன்றரை மடங்கு உயரம். ஒரே காட்சியை இரண்டுக்கும் வெட்டினால் எங்கேயாவது தலை போகும் அல்லது கால் போகும். அதற்குப் பதிலாக ஆரம்பத்திலிருந்தே லேயர்களாக வேலை செய்யுங்கள்: பின்னணி தனி, மணி தனி, டைவர் தனி, விளக்கின் வெளிச்சம் தனி, லோகோ தனி. பின்னணியை எல்லாப் பக்கமும் தேவைக்கு அதிகமாகவே வரைந்துவைத்தால், ஒவ்வொரு அளவுக்கும் பொருள்களை நகர்த்தி அடுக்கிக்கொள்ளலாம்.

‘மூழ்கிய மணி’யில் மெயின் கேப்சூலுக்கு மணியை நடுவில் வைத்து டைவரைக் கீழே ஒரு மூலைக்குத் தள்ளலாம். வெர்டிகலில் மேல் பாதி மணி, நடுவில் லோகோ, கீழே டைவர், இடையில் நிறையத் தண்ணீர். உண்மையில் இந்தக் கேமுக்கு மிகச் சிறப்பாக அமையக்கூடியது இந்த அளவுதான். ஹெடரில் மணியின் பாதி மட்டும் தெரிந்தால் போதும். ஸ்மாலில் டைவரே வேண்டாம், மணியின் வளைவுக்குள் லோகோ, ஓரத்தில் மஞ்சள் புள்ளி. எல்லா அளவிலும் அதே பச்சை, அதே கறுப்பு, அதே மஞ்சள் இருப்பதால் பார்க்கிறவருக்கு ஒரே கேம் என்று தெரிந்துவிடும்.

ஓரங்களை நெருங்கி முக்கியமான எதையும் வைக்காதீர்கள். விஷ்லிஸ்டில் (பிறகு வாங்கக் குறித்துவைக்கும் பட்டியல்) ஏற்கெனவே இருக்கிறது, லைப்ரரியில் இருக்கிறது என்று காட்டுகிற பட்டை சில இடங்களில் படத்தின் மேலேயே வந்து உட்காரும்.

பிக்சல் ஆர்ட் கேம் செய்கிறவர்கள் கேட்பது: கேப்சூலையும் பிக்சல் ஆர்ட்டிலேயே போடலாமா, இல்லை ஓவியமாக வரைய வேண்டுமா? இரண்டும் நடக்கும். பிக்சலில் போட்டால் கேமில் உள்ள ஸ்பிரைட்டை (பாத்திரத்தின் சின்னப் படம்) எடுத்து அப்படியே இழுத்துப் பெரிதாக்காமல், கேப்சூலுக்கென்று புதிதாக, ஒவ்வொரு பிக்சலும் பெரிதாகத் தெரிகிற மாதிரி வரையுங்கள். ஸ்டீம் 462-ஐ 120 ஆக்கும்போது முழு எண்ணால் வகுபடாது, சின்னப் பிக்சல்கள் குழைந்துவிடும். ஓவியமாகப் போட்டால் முதல் ஸ்கிரீன்ஷாட்டைப் பார்க்கிறவர் ஏமாந்ததாக உணராத அளவுக்கு நிறமும் பாத்திரத்தின் உருவமும் ஒத்துப்போக வேண்டும். என் சாய்வு பெரிய பிக்சல் பக்கம்தான், பிக்சல் ஆர்ட்டைத் தேடுகிற ஆள் கண்ணுக்கு அது உடனே சிக்கும்.

3டி கேம் என்றால், கேமுக்குள் கேமராவை நிறுத்தி எடுத்த படம் போதாது. அதே மாடலை பிளெண்டர் என்ற 3டி மென்பொருளில் இறக்கி, போஸ் கொடுத்து, பின்னாலிருந்து ஒரு விளக்கு வைத்து ஓரத்தை வெளிச்சமாக்கி ரெண்டர் செய்யுங்கள். மேலே கிரிட்டா, போட்டோபியா மாதிரி ஓவிய மென்பொருளில் கொஞ்சம் தீட்டினால் ஆள் வைத்து வரைந்தது போலவே வரும்.

எழுதக் கூடாதவை

2022 செப்டம்பர் 1 முதல் ஸ்டீம் கேப்சூலில் கேமின் ஓவியம், பெயர், அதிகாரபூர்வ துணைத்தலைப்பு இவ்வளவுதான் இருக்கலாம். விமர்சன மதிப்பெண், நட்சத்திரம், விருதின் பெயர், இலைக் கிரீடம், ‘இப்போது தள்ளுபடியில்’ எதுவும் கூடாது. பெரிய அப்டேட் விடும்போது மட்டும் தற்காலிகமாக வேறு படம் வைக்க ஆர்ட்வொர்க் ஓவர்ரைட் என்று ஒரு வசதி இருக்கிறது, அப்டேட்டின் பெயரை அதில் போடலாம், அதற்குக் கால வரம்பு உண்டு.

படத்தை ஏஐ கொண்டு உருவாக்குவது பற்றி: ஸ்டீமின் உள்ளடக்கப் படிவத்தில் ஏஐ பயன்பாட்டைத் தெரிவிக்கும் பகுதி 2024 ஜனவரியிலிருந்து இருக்கிறது, நீங்கள் அங்கே சொல்வது கடைப் பக்கத்தில் வாங்குகிறவருக்கும் தெரியும். விதி ஒருபக்கம் இருக்கட்டும். இண்டி கேம் வாங்குகிறவர்களில் ஒரு பகுதியினர் ஏஐ படத்தைக் கண்டால் உள்ளே வருவதே இல்லை, கேமும் அப்படித்தான் செய்யப்பட்டிருக்கும் என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். மற்ற எதற்கும் பயன்படுத்துங்கள், பயன்படுத்தாதீர்கள், அது உங்கள் பாடு. கேப்சூலுக்கு வேண்டாம் என்பேன்.

ஓவியரிடம் கொடுப்பதாக இருந்தால்

இண்டி பட்ஜெட்டில் வெளியாளுக்குக் காசு கொடுக்க ஒரே ஒரு இடம்தான் இருக்கிறது என்றால் அது இதுவாக இருக்கட்டும். ஆனால் ‘சூப்பராக ஏதாவது பண்ணுங்கள்’ என்று சொல்லிவிட்டு வந்துவிடாதீர்கள். அவரிடம் கொடுக்க வேண்டியவை: கேமில் விளையாடுகிறவர் என்ன செய்கிறார் என்று இரண்டு வரி, எந்த உணர்வு வர வேண்டும் என்று ஒரு வரி, நீங்கள் அடுக்கிவைத்த அந்த முப்பது நாற்பது கேப்சூல், பாத்திரத்தின் எல்லாக் கோணப் படங்கள், தேவையான அளவுகளின் பட்டியல்.

முதலில் மூன்று நான்கு சிறு ஸ்கெட்ச் கேளுங்கள், கறுப்பு வெள்ளையில், அகலம் 120 பிக்சலில். கொஞ்சம் விநோதமாகப் பார்ப்பார்கள், பரவாயில்லை. அந்தக் கட்டத்தில் மாற்றம் சொல்வது இருவருக்கும் எளிது. வண்ணம் தீட்டி முடித்த பிறகு ‘டைவரைக் கொஞ்சம் பெரிதாக்கலாமா’ என்று கேட்டால் அது புதுப் படம். ஒப்பந்தத்தில் வணிகப் பயன்பாட்டு உரிமை, லேயர் பிரித்த கோப்பு, எத்தனை முறை திருத்தம், லோகோவும் அவர் வேலைதானா இல்லையா என்பவற்றை எழுத்தில் வாங்கிவிடுங்கள். லேயர் இல்லாத ஒற்றைப் படத்தை வாங்கினால் அடுத்த அளவுக்கு வெட்டும்போது மாட்டிக்கொள்வீர்கள்.

இன்னொன்று, தாமதமாகப் போகாதீர்கள். வெளியீட்டுக்குக் குறைந்தது இரண்டு வாரம் முன்பே ‘விரைவில்’ பக்கம் திறந்திருக்க வேண்டும் என்பது ஸ்டீமின் விதி. விஷ்லிஸ்ட் சேர்க்க வேண்டுமானால் பல மாதம் முன்பே திறப்பார்கள். அதற்கும் முன்னால் ஸ்டீமிலிருந்து ஆள் பார்த்து ஒப்புதல் கொடுக்க வேண்டும். அப்படியானால் கேப்சூல் வேலை தொடங்க வேண்டியது கேம் பாதியில் இருக்கும்போதே.

சோதிப்பது

உங்கள் டேகின் தேடல் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, ஒரு கேமின் படத்தின் மேல் உங்களுடையதை அதே அளவில் ஒட்டுங்கள். கேமைப் பற்றி எதுவும் தெரியாத ஒருவரிடம் போனில் காட்டி, எது உங்களுடையது என்று சொல்லாமல், ‘இதில் எதைத் தொடுவீர்கள்?’ என்று கேளுங்கள். பிறகு உங்கள் படத்தை மட்டும் ஒரு விநாடி காட்டி மறைத்துவிட்டு, ‘இதில் என்ன செய்ய வேண்டியிருக்கும் என்று நினைக்கிறீர்கள்?’ என்று கேளுங்கள். ‘நன்றாக இருக்கிறதா?’ என்று மட்டும் கேட்காதீர்கள். நண்பர்கள் எல்லாரும் நன்றாக இருக்கிறது என்றுதான் சொல்வார்கள், அதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. ‘ஏதோ மணிக்கூண்டு கட்டுகிற கேமா?’ என்று ஒருவர் கேட்டால், அந்தப் பதிலில் விஷயம் இருக்கிறது: பயம் வரவில்லை, தண்ணீர் தெரியவில்லை. போய் அதைச் சரிசெய்யலாம்.

பக்கம் திறந்த பிறகு, கேம் செய்கிறவர்களுக்கான ஸ்டீமின் தளமான ஸ்டீம்வொர்க்ஸில் எத்தனை முறை படம் காட்டப்பட்டது, எத்தனை பேர் உள்ளே வந்தார்கள் என்று இடவாரியாகப் பிரித்துக் காட்டும். மொத்த விகிதத்தைப் பார்த்து ஏமாற வேண்டாம். தேடலில் உங்கள் பெயரையே தட்டி வருகிறவர் எப்படியும் கிளிக் செய்வார், முகப்பில் தற்செயலாகப் பார்க்கிறவர் அப்படியல்ல. நெக்ஸ்ட் ஃபெஸ்ட் மாதிரி ஒரு விழா வாரத்தில் காட்டப்படும் எண்ணிக்கை திடீரென்று ஏறினால் விகிதம் தன்னால் இறங்கும், படத்தின் குற்றம் அல்ல. ஒரே இடத்தின் விகிதத்தை, படம் மாற்றுவதற்கு முன்னும் பின்னும், சாதாரண வாரங்களில் ஒப்பிடுங்கள். அந்த வாரத்தில் டிரெய்லரையோ விலையையோ கூடவே மாற்றிவிட்டால் எதனால் எது நடந்தது என்று கண்டுபிடிக்க முடியாது.

மற்ற கடைகள், சுருக்கமாக

இட்ச் டாட் ஐஓவில் கவர் படம் 630×500, குறைந்தது 315×250. ஸ்டீமின் ஹெடரை விடச் சதுரத்துக்கு நெருக்கம், அதனால் வெர்டிகலுக்கு அடுக்கியதை வைத்துத் தொடங்குவது எளிது. அசையும் ஜிஃப் போடலாம், ஆனால் முதல் ஃபிரேம் அசையாமலே அர்த்தம் தர வேண்டும்.

கூகுள் பிளேயில் ஐகான் 512×512, மூலைகளை அவர்களே வளைத்துக்கொள்வார்கள். அங்கே தலைப்பை எழுதாதீர்கள், பெயர் பக்கத்திலேயே வரும்; ஒரே ஒரு முகம் அல்லது பொருள் போதும். நம் கேமுக்கு மணியின் வடிவமும் விளக்கும் மட்டும். முதலிடம், இலவசம், தள்ளுபடி மாதிரியான சொற்களை ஐகானில் போடுவது அவர்கள் விதிப்படி தவறு. ஃபீச்சர் கிராஃபிக் 1024×500. வீடியோ இணைத்திருந்தால் நடுவில் பிளே பட்டன் வந்து உட்காரும், லோகோவை அங்கே வைத்தால் மறைந்துபோகும். பிளே கன்சோலில் இரண்டு ஐகானை ஒரே நேரத்தில் வெவ்வேறு பயனர்களுக்குக் காட்டிச் சோதிக்கும் வசதி இருக்கிறது, ஆப்பிளின் ஆப் ஸ்டோரிலும் உண்டு. மொபைலில் வெளியிடுகிறவர்கள் இதைப் பயன்படுத்தாமல் விடக் கூடாது.

வெளியீட்டுக்குப் பிறகு படத்தை மாற்ற நேர்ந்தால் லோகோவையும் முக்கிய நிறத்தையும் வைத்துக்கொண்டு ஓவியத்தை மட்டும் மாற்றுங்கள். விஷ்லிஸ்டில் போட்டுவிட்டுப் பல மாதமாகத் தள்ளுபடிக்குக் காத்திருப்பவர் உங்கள் கேமை நினைவில் வைத்திருப்பது பெரும்பாலும் அந்த நிறத்தையும் எழுத்தையும் கொண்டுதான். இரண்டும் ஒன்றாக மாறினால், ‘இதை எப்போது சேர்த்தேன்’ என்று நீக்கிவிடுவார்.